ஒரு கல் பாக்கி

கூத்தாநல்லூருக்குத் தெற்கே ஒரு நெல் கொள்முதல் நிலையத்தில் பதினோரு நாள் ஒரு நெல் குவியலோடு இருந்தேன். நெல் என்னுடையது இல்லை. எனக்கு எந்த ஊரிலும் ஒரு குழி நிலம் கிடையாது. எட்டாவதைப் பாதியில் விட்டவன். திருப்பூரில் துணி மடித்தேன், கும்பகோணத்தில் பித்தளைப் பட்டறையில் கரி அள்ளினேன், பாலக்காட்டில் செங்கல் சுமந்தேன். அந்தப் புரட்டாசியில் அறுப்பு மிஷினோடு வந்தேன். மிஷின் அடுத்த ஊருக்குப் போனது, எனக்குக் காய்ச்சல் என்பதால் நான் நின்றுவிட்டேன். காய்ச்சல் விட்டதும் ஒரு அக்கா தன் நெல்லுக்குக் காவல் இருக்கக் கூப்பிட்டார்.

குத்தகைக்கு எடுத்த ஐந்து மா நிலத்தில் குறுவை நெல் போட்டிருந்தார் அந்த அக்கா. வீட்டுக்காரருக்கு இடுப்பு முடியாது. சம்பா நடவு தொடங்கிவிட்டதால் பகலில் அக்கா கூலி நடவுக்குப் போயாக வேண்டும். போகாமல் நின்றால் அடுத்த முறை அந்த நடவுக் கூட்டத்தில் கூப்பிட மாட்டார்கள். அதனால் நெல்லுக்கு நான்.

அங்கே எல்லோருக்கும் மனப்பாடமான எண் பதினேழு. ஈரப்பதம் அதற்கு மேல் இருந்தால் நெல்லை எடுக்க மாட்டார்கள். நம் முறை வரும்போது மீட்டர் அதற்கு மேல் காட்டினால் குவியல் வரிசையின் கடைசிக்குப் போய்விடும். எங்களுக்குப் பின்னால் இருபத்தாறு குவியல் இருந்தது. ஒரு நாளைக்கு இரண்டு மூன்றுதான் நகரும். கடைசிக்குப் போனால் ஐப்பசி மழையில் மாட்டிக்கொள்வோம். நனைந்த நெல் மூன்றாம் நாள் முளை விடும், முளைத்ததை யாரும் வாங்க மாட்டார்கள். அக்காவுக்கு அந்த வருடம் என்பது அந்தக் குவியல்தான்.

என் வேலை இதுதான். காலையில் பனி போனதும் தார்ப்பாயை எடுத்து நெல்லைக் களத்தில் பரப்ப வேண்டும். காலால் கோடு இழுத்து இழுத்துப் புரட்டிவிட வேண்டும். வெயில் சாய்ந்ததும் குவித்து மூட வேண்டும். மேகம் கறுத்தால் ஓடிப்போய் மூட வேண்டும், மேகம் கலைந்தால் உடனே திறக்க வேண்டும். மூடியபடியே வெயிலில் விட்டால் நெல் உள்ளேயே வேர்த்துவிடும். மழையில் நனைவதும் அதுவும் ஏறக்குறைய ஒன்றுதான்.

மீட்டர் அலுவலகத்துக்குள் இருந்தது. வெளியே எங்களிடம் இருந்தது பல்தான். ஒரு நெல்லை முன்பல்லில் வைத்து அழுத்தினால் டக்கென்று உடைய வேண்டும். நசுங்கினால் ஈரம். எல்லோரும் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று கடித்துப் பார்ப்பார்கள். எனக்கு நிறுத்த முடியவில்லை. குவியலின் நான்கு பக்கமும் கடித்தேன், அடியில் கைவிட்டு எடுத்துக் கடித்தேன். கடித்த நிமிடம் நிம்மதியாக இருக்கும். அடுத்த நிமிடம் அந்த ஒரு நெல் மட்டும் காய்ந்திருந்தால் என்ன செய்வது என்று தோன்றும்.

எங்களுக்கு அடுத்த குவியல் பாய் ஒருவருடையது. மஸ்கட்டில் இருபது வருடம் கடையில் நின்றவர், திரும்பி வந்து கூத்தாநல்லூரில் பாத்திரக் கடை வைத்திருந்தார். கொஞ்சம் நிலமும் வாங்கியிருந்தார். எங்களுடையதைப் போல மூன்று பங்கு நெல். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு உட்கார்ந்திருப்பார். மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, நீ நெல்லுக்குக் காவலா, இல்ல எலியா?"

"காஞ்சிருக்கான்னு பாக்குறேன் பாய்."

"இப்படியே பாத்தீன்னா அந்தம்மாவுக்கு உமிதான் மிஞ்சும். இந்தா, வாயிக்குப் பதிலா கைக்கு வேல குடு."

சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன வீடியோ கேம் பெட்டியை எடுத்துக் கொடுத்தார். உள்ளங்கை அளவு, சிவப்பு நிறம். இடது பக்கம் திசைப் பொத்தான், வலது பக்கம் இரண்டு பொத்தான். பேரப்பிள்ளைகளுக்கு வாங்கியதாம். "அதுவொ தொடமாட்டேங்குதுவொ. போன்தான் வேணுமாம்" என்றார்.

அதில் நூற்றுக்கணக்கில் விளையாட்டு இருந்தது. நான் ஒன்றைத்தான் ஆடினேன். மேலே வரிசை வரிசையாக வண்ணச் செங்கல். கீழே ஒரு கட்டை. நடுவில் ஒரு பந்து. கட்டையை இடமும் வலமும் நகர்த்திப் பந்தைத் தட்டிவிட வேண்டும், பந்து போய்க் கல்லை உடைக்கும். பந்தைக் கீழே விட்டால் ஒரு உயிர் போகும். மொத்தம் மூன்று உயிர். எல்லாக் கல்லும் உடைந்தால் அடுத்த கட்டம், அங்கே பந்து இன்னும் வேகம்.

பாய் சொன்னது பாதி பலித்தது. கடிப்பது குறைந்தது, பயம் குறையவில்லை. ஒரு கண் பந்தில், ஒரு காது வானத்தில். நல்லபடியாகப் போகும்போது எங்கேயோ டிராக்டர் சத்தம் கேட்டால் இடியென்று நிமிர்வேன், பந்து விழுந்துவிடும். எத்தனை கல் உடைத்தேன் என்பது நினைவில் நிற்காது. விழுந்த பந்துகள் மட்டும் மனதில் நிற்கும்.

பதினோராம் நாள் வெள்ளிக்கிழமை. காலையிலேயே பட்டியல் எழுத்தர் வந்து சொல்லிவிட்டுப் போனார். "ரெண்டு மணி வாக்குல அந்தம்மா நெல்லு. அடுத்தது பாய்." அக்காவுக்குப் போன் செய்தேன். நடவை முடித்துக்கொண்டு வருவதாகச் சொன்னார். ஒரு நெல்லைக் கடித்தேன், டக்கென்று உடைந்தது.

பதினொன்றரைக்குத் தெற்கே கறுத்தது. இரண்டு தரம் இடித்தது. குவித்து மூடினேன். பாயும் நானும் சேர்ந்து அவருடையதையும் மூடினோம். ஒரு தூறல்கூட விழவில்லை. அரை மணியில் வெயில் சுள்ளென்று அடித்தது. பாய் தன் தார்ப்பாயை விலக்கிவிட்டு, குல்லாவைப் போட்டுக்கொண்டு ஜும்ஆ தொழுகைக்குக் கிளம்பினார். "தெறந்துரு தம்பி" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

சரி பாய் என்றேன். இன்னொரு இடி கேட்டது போல இருந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் பெட்டியில் ஒரே ஒரு கல் பாக்கி இருந்தது.

அந்தக் கட்டம் வரை நான் போனதே இல்லை. கையில் கடைசி உயிர். மிச்சமிருந்த கல் மூலையில், உடையாத இரண்டு மஞ்சள் கல்லுக்குப் பின்னால் இருந்தது. பந்து ஒரே தடத்தில் மாட்டிக்கொண்டது. கட்டையில் பட்டு, மஞ்சள் கல்லில் பட்டு, சுவரில் பட்டு, திரும்பக் கட்டையின் நடுவுக்கே வரும். கட்டையின் ஓரத்தால் தட்டினால் தடம் மாறும். ஆனால் தவறினால் எல்லாம் போச்சு. அதனால் நான் தட்டவில்லை. இன்னொரு சுற்று பார்ப்போம், இன்னொரு சுற்று பார்ப்போம் என்று கட்டையை நடுவிலேயே வைத்திருந்தேன். பந்து போய்ப் போய் வந்தது. முதுகில் வெயில் காய்ந்தது தெரிந்தது. எழுந்தால் பந்து விழும் என்பதும் தெரிந்தது. ஆட்டத்தை நிறுத்திவைக்க ஒரு பொத்தான் இருக்கும் என்பது அப்போது தோன்றவே இல்லை.

"தம்பி, எப்ப மூடுன?"

அக்கா நின்றார். முழங்கால் வரை நடவுச் சேறு. நான் பதில் சொல்வதற்குள் குனிந்து தார்ப்பாய்க்குள் கையை முழங்கை வரை விட்டார். வெளியே எடுத்துப் பார்த்தார். கையில் நெல் ஒட்டிக்கொண்டிருந்தது.

"வேத்துப் போச்சு" என்றார்.

தார்ப்பாயை இழுத்தோம். அடிப்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர். அவித்த நெல்லின் வாடை அடித்தது. என் மடியிலிருந்து பெட்டி நழுவி விழுந்ததில் அதன் நிறுத்தும் பொத்தானே அழுந்தியிருக்க வேண்டும், பந்து பாதி வழியில் அப்படியே நின்றுவிட்டது. அக்கா அதை எடுத்துப் பாயின் நாற்காலியில் வைத்தார். "ம், கால வை" என்றார். புரட்டத் தொடங்கினோம். பத்து நிமிடம்கூட ஆகவில்லை, எழுத்தர் வந்துவிட்டார். ஒரு கை நெல்லை அள்ளி மீட்டரில் போட்டார்.

"பதினேழு புள்ளி எட்டு."

"சார், இப்பத்தான் தொறந்தோம் சார். ஆறினா கொறஞ்சிரும்."

"எல்லாரும் இதத்தாம்மா சொல்றாங்க."

ஜும்ஆ முடிந்து பாய் அப்போதுதான் வந்துகொண்டிருந்தார். நாற்காலியில் இருந்த பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பரப்பிய நெல்லைப் பார்த்தார். "சார், என்னுதத் தொடங்குங்க. அதுக்குள்ள அது காயட்டும்" என்றார்.

எழுத்தர் யோசித்தார். "ஒங்க கடைசி சிப்பத்துக்குச் சாக்கு தெக்கிற வரைக்கும் டைம். அதுக்கு மேல நான் ஒண்ணும் பண்ண முடியாது. கடைசிக்குத்தான் போவணும்."

நானும் அக்காவும் நெல்லைத் தார்ச்சாலைக்குக் கொண்டுபோய்ப் பரப்பினோம். களத்தைவிட ரோடு சூடு. ஒரு ஓரத்தில் முந்நூறு அடி நீளத்துக்கு மெல்லிசாக இழுத்துவிட்டோம். டவுன் பஸ் ஒன்று மெதுவாக விலகிப் போனது. நான் ஒரு முனையிலிருந்தும் அக்கா மறு முனையிலிருந்தும் காலால் கோடு இழுத்துக்கொண்டே வந்தோம். தெற்கே மறுபடி கறுத்துக்கொண்டிருந்தது. உள்ளங்கால் பொசுங்கியது. நின்றால் பயம் அதிகமாகும் என்று நான் நிற்கவில்லை.

களத்தில் தராசுப் பக்கமிருந்து பாயின் குரல் கேட்டது.

"திருப்பி வைங்க. நம்பர் ஆடுது."

"ஆடல பாய். நாப்பது கிலோ, சாக்கு எடையோட சரியா இருக்கு" என்றார் எடை போடுபவர்.

"ஆடுதுங்குறேன். மஸ்கட்டுல இருவது வருசம் தராசு பாத்தவன் நான்."

சுமைதூக்குபவர் சிப்பத்தைத் திருப்பி வைத்தார். "பாய், இது நெல்லு பாய். தங்கம்னு நெனச்சுட்டீங்களா?"

"எனக்குத் தங்கந்தான். எல்லாரும் டீ குடிச்சிட்டு வாங்க போங்க. நான் சொல்லிட்டேன் கடையில."

"மேகத்தப் பாத்தீங்களா பாய்?" என்றார் எழுத்தர். "ஒங்க நெல்லும் இன்னும் பாதிக்கு மேல வெளியதான் கெடக்கு."

"பாத்துக்கிட்டுதான் சார் இருக்கேன்" என்றார் பாய். அது உண்மைதான். நூற்றைம்பது சிப்பத்துக்கான நெல் திறந்து கிடந்தது. மழை வந்தால் எங்களுக்கு முன்னால் அவருக்குப் போகும். நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்திருந்தார். கால் ஆடிக்கொண்டே இருந்தது.

நான்கரைக்கு அவருடைய கடைசி சிப்பத்தைத் தைத்தார்கள். எங்கள் நெல்லைக் கூட்டி அள்ளிக் களத்துக்குக் கொண்டுவந்து கொட்டினோம். அக்கா ஒரு நெல்லை எடுத்தார், கடிக்கவில்லை, என்னிடம் நீட்டினார். நானும் கடிக்கவில்லை. எனக்குத் தைரியம் இல்லை.

எழுத்தர் மூன்று இடத்தில் அள்ளி மீட்டரில் போட்டார். எண் ஏறியது. பதினாறு புள்ளி இரண்டு. பதினாறு புள்ளி ஆறு. பதினாறு புள்ளி ஒன்பது. அக்கா முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தார். பதினேழு. அங்கே ஒரு நொடி நின்றது, திரும்பப் பதினாறு புள்ளி ஒன்பதுக்கு வந்தது, மறுபடி பதினேழு.

"பதினேழு. எடுங்கப்பா" என்றார் எழுத்தர்.

எழுபத்தெட்டாவது சிப்பத்தில் மழை பிடித்தது. தூறல் எல்லாம் இல்லை, எடுத்த எடுப்பிலேயே கொட்டியது. எடை போட்டதையெல்லாம் தார்ப்பாய்க்குள் இழுத்துவிட்டார்கள். எடை போடாமல் களத்தில் கிடந்தது இரண்டு சிப்பத்துக்குத்தான் வரும். அதைச் சாக்கில் அள்ளிக் கட்டினோம். வீட்டுக்குக் கொண்டுபோய் அவித்துச் சாப்பாட்டுக்கு வைத்துக்கொள்ளலாம் என்றார் அக்கா.

பாய் நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அலுவலகத் தாழ்வாரத்துக்கு வந்தார். பையிலிருந்து பெட்டியை எடுத்து வேட்டியில் துடைத்தார். திரை இன்னும் எரிந்துகொண்டிருந்தது. பந்து விட்ட இடத்திலேயே நின்றது.

"ஒரு கல்லுதான் பாக்கியா?" என்றார்.

"ஆமா பாய்."

ஏதாவது திட்டுவார் என்று காத்திருந்தேன். பொத்தானை அழுத்தி அணைத்து, பெட்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அக்கா ஒரு மூட்டையைத் தன் தலைக்கு ஏற்றச் சொன்னார். ஏற்றிவிட்டேன். மற்றதை நான் தூக்கிக்கொண்டேன். நெல் சூடாகவே இருந்தது. வாய்க்கால் கரை வழுக்கியதால் அவர் முன்னால் மெதுவாக நடந்தார். ஏன் திறக்கவில்லை என்று வழியில் கேட்பார் என்று நினைத்தேன். மூட்டையை இறக்கியதும், "தை அறுப்புக்கு வருவியா?" என்று மட்டும் கேட்டார்.