கஞ்சியும் ஹலீமும் கொதித்த வீடு

வெள்ளிக்கிழமை காலை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது, புதுக்கோட்டை ஆஸ்பத்திரியிலிருந்து நஸீமா போன் செய்தாள். "அக்கா, மாமி மவுத்தாயிட்டாங்க." அதற்கு மேல் அழுகைதான் வந்தது. சாப்பாட்டு டப்பாவும் கையுமாக அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டேன்.

இறந்துபோனது நஸீமாவின் மாமியார், என் பக்கத்து வீட்டு சபுரா அக்கா. அவர் காய்ச்சும் நோன்புக் கஞ்சியைக் குடிக்காதவர்கள் ஜெகதாப்பட்டினத்தில் எங்கள் தெருவில் யாரும் இல்லை. பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், கொத்துக்கறி, கடைசியில் தேங்காய்ப்பால். ஆனால் நோன்பு இருக்கும்போது நாக்கில் ஒரு சொட்டு வைக்கமாட்டார். சாயங்காலம் மதிலுக்கு மேலே தலை தெரியும். "செல்வி, வா புள்ள, உப்புப் பாரு. ஒனக்குத்தான் நோன்பு இல்லையே." எங்கள் வீட்டுச் சாமியும் இதற்குக் கோபித்துக்கொண்டதில்லை.

ஹைதராபாத்தில் வேலை பார்த்த மகன் அங்கேயே நஸீமாவைக் கட்டிக்கொண்டு வந்தபோது அக்கா கொதித்துப்போனார். "நம்ம பக்கம் பொண்ணா இல்ல?" என்று என்னிடம் கேட்டார். மருமகளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சரியான பிடிவாதம், சொல்லத்தான் வேண்டும்.

அவள் வந்த முதல் ரமலானில் ஒருநாள், உறவுக்காரப் பெண்கள் நோன்பு திறக்க வந்தார்கள். நஸீமா தன் ஊர் ஹலீம் செய்கிறேன் என்று கோதுமையையும் ஆட்டுக்கறியையும் குழைய வேகவைத்து, மத்தியானத்திலிருந்து கடைந்துகொண்டே இருந்தாள். "இதையும் யாரும் தொடலைன்னா நான் ஊருக்குப் போறேன் அக்கா" என்று தத்தித் தத்தித் தமிழில் சொன்னாள். பெட்டியைக்கூடக் கட்டிவிட்டாள். அவள் தொழப் போன நேரம் நான் ருசி பார்த்தேன். அடக் கடவுளே, உப்பே இல்லை! பதற்றத்தில் போட மறந்திருக்கிறாள்.

அக்காவிடம் போய்ச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் உப்பு ஜாடியோடு எழுந்து வந்து, நான் போதும் என்கிற வரை கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கிளறினார். "வாயத் தொறந்த, கொன்னுருவேன். எம் மருமவகிட்ட நான் பேசுவேன், பேசாம இருப்பேன். அதுக்காக அவளுக வாயில விழ விடுவேனா?"

பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழம் தின்று, தண்ணீர் குடித்து, ஹலீமில் ஒரு கரண்டி எடுத்துச் சாப்பிட்டார். எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தோம். மருமகளைப் பார்த்துச் சொன்னார்: "நம்ம கஞ்சி மாதிரி வராது. ஆனா உப்பு சரியா இருக்கு." அவளிடம் அவர் பேசிய முதல் பேச்சு அதுதான். அப்புறமென்ன, வந்தவர்களும் தட்டை வழித்துச் சாப்பிட்டார்கள். அடுத்த வருஷத்திலிருந்து இங்கிட்டு கஞ்சி, அங்கிட்டு ஹலீம். இரண்டுக்கும் நான்தான் உப்புப் பார்த்தேன்.

அடக்கம் முடிந்த மறுநாள் போனபோது நஸீமா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அன்னைக்கு உப்பு சரியா இருக்குன்னு மாமி சொன்னாங்கல்ல? ருசி பாக்காமலே என் கை சரியாப் போட்டிருக்கே, இனி இதுதான் என் வீடுன்னு தோணுச்சு அக்கா. அப்பத்தான் பெட்டியப் பிரிச்சேன்."

ஆமாம்மா, உன் கை அப்படி என்றேன். சபுரா அக்கா எனக்கென்று விட்டுப்போனது இந்த ஒரு பொய்தான். அதைப் பத்திரமாக வைத்துக்கொள்வேன். நஸீமா இப்போது நம்மைப்போலவே தமிழ் பேசுகிறாள், படிக்கத்தான் வராது. அந்தத் தைரியத்தில்தான் எழுதிவிட்டேன். படிக்கிற நீங்கள் யாரும் போய்ச் சொல்லிவிடாதீர்கள்.