புடல் விதை கொடுத்த வருஷம்

குளத்தடியில் எங்களுக்குப் பதினோரு விளைகள் இருந்தன. விளை என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு பந்தல், நாலு பாத்தி, சுற்றிலும் வேலி. சர்க்கார் புறம்போக்கு. யார் பெயரிலும் பட்டா கிடையாது. நாகர்கோவில் அப்போது திருக்கொச்சி ராஜ்யத்தில் இருந்தது. சர்க்கார் ஆள் வந்து கேட்டதில்லை. நாங்களும் போய்ச் சொன்னதில்லை.

எங்களுக்குள் ஒரு முறை வைத்திருந்தோம். சித்திரை பத்தாம் நாள் மூன்று பேர் எல்லா விளைகளையும் சுற்றிப் பார்ப்பார்கள். எது தரிசாகக் கிடக்கிறதோ அது கைமாறும். கேட்டுக் காத்திருப்பவர்கள் எப்போதும் இரண்டு பேராவது உண்டு.

அந்த வருஷம் ஐப்பசியில் பிடித்த மழை கார்த்திகை முடியும்வரை விடவில்லை. குளம் மறுகால் பாய்ந்தது. தண்ணீர் வீடுகளுக்குள் ஏறியது. வீட்டுக்கு வீடு விதை போயிற்று. சாணத்தோடு சேர்த்துச் சுவரில் ஒட்டி வைத்திருந்த தடியங்காய் விதை சுவரோடு விழுந்தது. பானைச் சாம்பலில் கிடந்த கத்தரி விதை முளைத்து அழுகியது. என் வீட்டில் புடல் மட்டும் தப்பியது. என் வீட்டுக்காரி அதைத் துணியில் முடிந்து அடுப்புக்கு மேலே தொங்கவிட்டிருந்தாள். ஐந்தாறு காயின் விதை. எங்கள் தேவைக்கு மேலே இருந்தது. வெண்டை இல்லை, பாகல் இல்லை, பயறு இல்லை.

மார்கழி பிறந்ததும் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. ஈரம் இருக்கும்போதே விதைக்க வேண்டும். பத்து வீட்டுக்கும் நடந்தேன். இருக்கிற விதையை எல்லாரும் ஓர் இடத்துக்குக் கொண்டு வாருங்கள், மாற்றிக் கொள்ளலாம் என்றேன்.

எங்கள் பக்கத்தில் விதையைக் கையிலிருந்து கைக்குக் கொடுக்க மாட்டார்கள். கொடுத்தவன் விளையில் விளைச்சல் குன்றும் என்பார்கள். சும்மாவும் கொடுக்க மாட்டார்கள். ஆகவே இப்படிச் சொன்னேன். தேங்காய்ச் சிரட்டையில் விதையைக் கொண்டு வந்து தரையில் வைத்துவிட்டு விலகி நிற்க வேண்டும். வேண்டியவன் தன் சிரட்டையை எதிரே வைத்துவிட்டு எடுக்க வேண்டும். கை படாது. சும்மா கொடுத்ததாகவும் ஆகாது.

மேட்டில் விளை வைத்திருந்த அண்ணாச்சிதான் முதலில் சிரித்தார்.

"வெதைக்குச் சந்தை போடுதீராவே? கொட்டும் மேளமும் உண்டுமா?"

"நீரு வந்தாப் போதும். மேளம் தனியா எதுக்கு?"

அவரும் வந்தார். எல்லாரும் வந்தார்கள். சந்தை இல்லாத ஒரு நாள் பார்த்துக் குளத்தங்கரைப் பூவரசு மூட்டில் கூடினோம். முப்பதுக்கு மேல் சிரட்டைகள். முதலில் ஒருவரும் அசையவில்லை. அவரவர் சிரட்டைக்குப் பின்னால் நின்று அடுத்தவன் சிரட்டையைப் பார்த்துக் கொண்டிருந்தார்கள். கோட்டாற்றிலிருந்து வந்து எங்களோடு பயிர் வைத்த சாயபு ஒருவர் இருந்தார். அவர் குனிந்து தன் கத்தரி விதையை என் புடலுக்கு எதிரே வைத்தார். பிறகுதான் மற்றவர்களுக்குக் கால் வந்தது.

மடைப்பக்கத்து அக்காவிடம் விதை எதுவும் மிஞ்சவில்லை. அவள் புருஷன் கொழும்புக்குப் போனவர். காயிதம் நின்று இரண்டு வருஷம் ஆகியிருந்தது. இரண்டு பெண்பிள்ளைகள். அந்த விளைதான் சோறு. அவள் ஒரு கட்டு வாழைநாரைக் கொண்டு வந்து என் சிரட்டைக்கு முன்னால் வைத்தாள்.

மேட்டு விளை அண்ணாச்சி சும்மா இருப்பாரா?

"இது என்ன வெதைட்டீ? ஊனினா முளைக்குமா?"

"ஓய், உம்ம கொடியெல்லாம் எதக் கொண்டு கெட்டுவீரு? கோவணத்தக் கிழிச்சா?" என்றாள் அக்கா.

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நான் நாரை எடுத்துக் கொண்டேன். அவள் புடல் விதையை இரண்டு கையாலும் அள்ளி முந்தியில் முடிந்தாள். அன்றைக்குப் பத்து வீட்டில் ஒன்பது வீட்டுக்கு என் புடல் போயிற்று. எனக்கு வெண்டையும் பாகலும் பயறும் கத்தரியும் கிடைத்தன. அன்று வீட்டுக்கு வேகமாக நடந்தேன்.

தை பிறந்த முதல் வாரத்தில் எல்லாரும் ஊன்றினார்கள். நான்காம் நாள் நான் வேலி அடைக்கப் போனேன். தாழைப் புதருக்குள் முள்ளை நுழைத்தபோது ஒரு காய்ந்த கொடி கையில் வந்தது. அதில் சின்னச் சின்னக் கூடுகள் தொங்கின. ஒன்றை நசுக்கினேன். பேய்ப்புடல்.

அது காட்டுக் கொடி. காய் கோழிமுட்டையிலும் சிறிது. நாக்கில் வைக்க முடியாத கசப்பு. அது பூக்கிற இடத்துக்குப் பக்கத்தில் நின்ற நல்ல புடலில் விதை எடுத்தால் மறு வருஷம் காய் கசக்கும். எல்லாம் கசக்காது. ஒரு கொடி கசக்கும், ஒரு கொடி கசக்காது. இலையைப் பார்த்தும் தெரியாது, பூவைப் பார்த்தும் தெரியாது. காய் பிடிக்க வேண்டும். நான் விதைக்கு விட்ட கொடி அந்தப் புதரிலிருந்து பத்தடியில்தான் நின்றது. தாழைக்குள் ஒரு தடவை எட்டிப் பார்த்திருந்தால் போதும். பார்க்கவில்லை.

வீட்டுக்காரியிடம் சொன்னேன். அவள் அரிசி புடைத்துக் கொண்டிருந்தாள். முறத்தை நிறுத்தவில்லை.

"சொல்லி என்ன செய்யப் போறீங்க? ஊனினதத் தோண்டவா? கசக்காமலும் இருக்கும்லா."

"கசந்தா?"

"அவங்கவங்க மண்ணுன்னு நினைச்சுக்கிடுவாங்க. வாய வச்சிக்கிட்டுச் சும்மா இருங்க."

சும்மா இருந்தேன். வாய்தான் சும்மா இருந்தது. அப்போதே சொல்லியிருந்தால் அக்கா வேறு எதையாவது கேட்டு வாங்கி ஊன்றியிருப்பாள். ஈரம் இருந்தது, நாளும் இருந்தது. கசக்காமலும் போகலாம், அவளை எதற்குக் கலக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக் கொண்டேன். அது ஒரு காரணம். ஊரைக் கூட்டியவன் நான். அது இன்னொரு காரணம்.

தினமும் விடிந்ததும் பதினோரு விளையையும் சுற்ற ஆரம்பித்தேன். கம்பு இரவல் கேட்பதுபோல் ஒரு விளைக்குள் போவேன். மண்வெட்டி கேட்பதுபோல் இன்னொன்றுக்குள் போவேன். கொடி பந்தல் ஏறுகிறதா, பூ வந்ததா என்று பார்ப்பேன். சோறு வைத்தால் பாதியில் எழுந்துவிடுவேன். மற்ற வீட்டுக்காரர்கள் பந்தலில் பாதிக்கு மேல் புடல் வைக்கவில்லை. அக்கா மட்டும் முழுப் பந்தலுக்கும் அதையே வைத்திருந்தாள். முப்பத்தொரு மூடு கொடி. அவளிடம் வேறு விதை இல்லை.

"மக்கா, உன் வெதை எப்பிடி ஏறுகு பாத்தியா? அடுத்த வாரம் பந்தலுக்கு மேல ஆகாசம் தெரியாது" என்பாள்.

"ஆமா அக்கா" என்பேன். அங்கே நிற்க மாட்டேன்.

மாசி கடைசியில் பூத்தது. பங்குனி பிறந்ததும் என் பந்தலில் விரல் நீளத்துக்குப் பிஞ்சு விட்டது. கொடிக்கு ஒன்றாகக் கிள்ளி நாக்கில் வைத்தேன். முதல் நாலும் சரி. ஐந்தாவது கசந்தது. ஏழாவதும் கசந்தது. மேற்கொண்டு பார்க்காமல் மடைப்பக்கம் போனேன்.

அப்போதுதான் வெளுத்துக் கொண்டிருந்தது. அக்கா குடிசையிலிருந்து வெளியே வரவில்லை. பந்தலுக்குள் நுழைந்து ஒரு பிஞ்சைக் கிள்ளி வாயில் வைத்தேன். கசப்பு. அடுத்த கொடிக்குப் போனேன். அதுவும் கசப்பு. துப்பிவிட்டுத் திரும்பினால் அவள் நிற்கிறாள்.

"களவாங்க வந்தியா?"

"இல்லக்கா."

"பின்ன என் பந்தலுக்குள்ள நின்னுக்கிட்டு என்ன திங்க?"

கையிலிருந்த பிஞ்சை நீட்டினேன். அவள் கடித்தாள். முகம் சுருங்கியது. துப்பினாள். பேய்ப்புடலைப் பற்றிச் சொன்னேன். நாலு வார்த்தையில் முடிந்தது.

அவள் ஓரத்துக் கொடியிலிருந்து ஆரம்பித்தாள். நான் எதிர் ஓரத்திலிருந்து ஆரம்பித்தேன். ஒவ்வொரு கொடியிலும் கிள்ளி, நாக்கில் வைத்து, கசந்த கொடியின் மூட்டில் ஒரு குச்சி நட்டோம். நாக்கு மரத்துப் போனால் தண்ணீர் கொப்புளித்துவிட்டு மறுபடி பார்த்தோம். நடுவில் வந்து சேர்ந்தபோது எண்ணினாள். பத்தொன்பது குச்சி.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"ஊனின நாலாம் நாள்."

"நாலாம் நாள்."

அதை ஒரு தடவைதான் சொன்னாள். பிறகு குச்சி நட்ட கொடிகளைப் பிடுங்க ஆரம்பித்தாள். நான் கூடக் குனிந்தேன்.

"நீ தொடாண்டாம். போ" என்றாள்.

வெளியே வந்து நின்றேன். பந்தலில் பாதிக்கு மேல் வெறும் கம்பாக நின்றது. சித்திரை பத்துக்கு ஒரு மாதமும் சில நாளும் இருந்தன. அத்தனை இடம் வெறுமையாகக் கிடந்தால் தரிசு என்றுதான் சொல்வார்கள். அந்த விளைக்குக் காத்திருந்தவன் மேட்டு விளை அண்ணாச்சியின் தம்பி. சுற்றிப் பார்க்கிற மூன்று பேரில் அண்ணாச்சியும் ஒருவர்.

ஒரு மாதத்தில் வருவது கீரைதான். அந்த வருஷம் தண்டங்கீரை விதை வைத்திருந்தது அண்ணாச்சி மட்டும். மற்ற எட்டு வீட்டுக்கும் முதலில் போய் நடந்ததைச் சொன்னேன். ஏச்சு வாங்கினேன். சாயபு மட்டும் ஏசவில்லை. "ரெண்டு கொடி கசக்கும்னு எனக்கு நேத்தே தெரியும் தம்பி. என் வெதை ஒழுங்கா முளைச்சுதா?" என்றார். பிறகு மேட்டுக்குப் போனேன்.

அண்ணாச்சி கேட்டுவிட்டுத் தொடையில் தட்டிச் சிரித்தார்.

"வெதைச் சந்தை போட்ட ஆளு, இப்ப எதுக்குவே மூஞ்சிய இப்பிடி வச்சிருக்கீரு?"

"ஒரு சிரட்டை கீரை விதை வேணும்."

"சும்மா தர முடியுமா? எதுக்க என்ன வைப்பீரு?"

என்னிடம் வைக்க ஒன்றும் இல்லை. அவரே சொன்னார்.

"உம்ம தண்ணி முறை நாலு எனக்கு விட்டுத்தாரும்."

மடைத் தண்ணீர் எட்டு நாளைக்கு ஒரு முறை எனக்கு வரும். நாலு முறை போனால் சித்திரை வரை என் விளைக்கு ஓடைத் தண்ணீர் கிடையாது. குடம் சுமந்துதான் ஊற்ற வேண்டும். அது பாதிக்குக் காணாது.

"சரி" என்றேன்.

சிரட்டையைத் தரையில் வைத்தார். எடுத்தேன்.

"கீரையை வெதைச்சா தரிசு மாறிப் போவுமாவே?" என்று பின்னாலிருந்து கேட்டார். அந்த நினைப்பில்தான் தந்திருக்கிறார். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது.

சிரட்டையை அக்கா வேலியின் உள்பக்கம் வைத்துவிட்டு வந்தேன். அன்று சாயங்காலம் பார்த்தபோது அதே இடத்தில் இருந்தது. மறுநாள் காலையிலும் இருந்தது. அன்று முழுக்க மூன்று தடவை அந்தப் பக்கம் போனேன். மூன்றாம் தடவை சிரட்டை வெறுமையாகக் கிடந்தது. பாத்தி நனைந்திருந்தது.

அந்த ஒரு மாதமும் என் முறைத் தண்ணீர் அண்ணாச்சி விளைக்குப் போவதை எல்லாரும் பார்த்தார்கள். நானும் வீட்டுக்காரியும் குடம் சுமந்தோம். "நான் சொன்னதக் கேட்டு அப்பவும் கெட்டீங்க, கேக்காம இப்பவும் கெட்டீங்க" என்று ஒரு நாள் சொன்னாள். பிறகு குடத்தை எடுத்துக் கொண்டு முன்னால் நடந்தாள். நாங்கள் எவ்வளவு ஊற்றியும் வடக்குப் பாதி காய்ந்தது. நல்ல கொடிகளும் அதில் போயின.

சித்திரை பத்தாம் நாள் மூன்று பேரும் சுற்றினார்கள். பின்னாலேயே நாங்கள் எல்லாரும் போனோம். மடைப்பக்கம் வந்தபோது பந்தலின் ஒரு பாதியில் புடல் தொங்கியது. மற்ற பாதியில் பந்தலுக்குக் கீழே கீரை முழங்கால் உயரத்துக்கு நின்றது. ஏற்கெனவே இரண்டு பாத்தி பிடுங்கி வடசேரிச் சந்தையில் விற்றிருந்தாள்.

"கீரை ஒரு பயிராவே?" என்றார் அண்ணாச்சி மற்ற இருவரிடமும். "பந்தல் வெறுவாக் கெடக்கு. நம்ம முறையில இது தரிசுதான்."

மற்ற இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அக்கா முந்திக்கொண்டாள்.

"ஓய், அந்தக் கீரைக்கு நாலு முறைத் தண்ணி வாங்கினீருல்லா?"

"ஆமா. அதுக்கு என்ன?"

"பயிரு இல்லாத சாதனத்தக் குடுத்தா தண்ணி வாங்கினீரு? அப்பம் அவனுக்கு நாலு முறையையும் திருப்பிக் குடும். பிறகு தரிசுன்னு சொல்லும்."

சாயபு முதலில் சிரித்தார். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். மூன்று பேரில் மூத்தவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "பயிருதான். அடுத்த விளைக்கு நடங்க" என்றார்.

அடுத்தது என் விளை. வடக்குப் பாதி கருகிக் கிடந்தது. அண்ணாச்சிக்கு மறுபடி குரல் வந்தது.

"அப்பம் இது?"

எனக்காக நான் பேச நியாயம் இல்லை என்று நினைத்தேன். கூட்டத்துக்குப் பின்னாலிருந்து அக்காவின் குரல் கேட்டது.

"காஞ்சது வேற, தரிசு வேற. கொடி நிக்குல்லா. கண்ணத் தொறந்து பாரும்."

அதோடு தன் விளைக்குத் திரும்பிவிட்டாள். என்னைப் பார்க்கவில்லை.

இரண்டு விளையும் கைமாறவில்லை. அவள் என்னோடு பேசவுமில்லை. அந்த வருஷம் முழுக்கப் பேசவில்லை. கீரைக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு சந்தைக்குப் போக என் வேலியோரம்தான் வழி. அவள் வருவது தூரத்திலேயே தெரியும். நான் குனிந்து பாத்தியைக் கொத்திக் கொண்டிருப்பேன். கடந்து போன பிறகுதான் நிமிர்வேன்.