போர்டுக்கு அர்த்தம் கேட்கச் சிதம்பரம் போனோம்

அறுபதுகளின் நடுவில் கடலூர் முதுநகரில், ஒரு மல்லாட்டை எண்ணெய் மில்லில் வேலை பார்த்து வந்தேன். வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் மல்லாட்டை. பக்கத்து மில்லில் வேலை விதிகளை எழுதி போர்டு மாட்டியதைப் பார்த்ததும் எங்கள் முதலாளிக்கும் ஆசை வந்துவிட்டது. சிதம்பரத்தில் இருந்த தம் நண்பரான ஒரு புலவரிடம் விஷயத்தைச் சொல்லி, எழுதி வாங்கி, வாசலருகே மாட்டிவிட்டுப் பினாங்குக்குக் கப்பல் ஏறினார்.

படிக்கத் தெரிந்தவர்கள் படித்துப் பார்த்தோம். ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் அது முடிவதற்குள் மில் சங்கு ஊதிவிடும். ஒன்றும் விளங்கவில்லை. விளங்காததாலேயே அதன்மேல் எங்களுக்குப் பெரிய மரியாதை. அந்தப் பக்கம் போகும்போது செருப்பைக் கழற்றியவர்கள்கூட உண்டு. ஆயுத பூஜையன்று எந்திரங்களுக்குப் பொட்டு வைத்த கையோடு போர்டுக்கும் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, மாலை போட்டோம். சூடம் காட்டியது நான்தான்.

அந்த ஐப்பசியில் எனக்கு முதல் குழந்தை பிறந்தது. மனைவி குமராட்சிப் பக்கம் தாய்வீட்டில் இருந்தாள். இரண்டு நாள் லீவு சொல்லிவிட்டுப் பார்க்கப் போனேன். போன இடத்தில் கொள்ளிடம் பெருகி ரோடு அறுந்து, வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. பச்சைப் பிள்ளையையும் அவளையும் கட்டிலோடு தூக்கிக்கொண்டுபோய் மேட்டிலிருந்த பள்ளிக்கூடத்தில் வைத்தோம். தந்தி கொடுக்கவும் வழியில்லை. தண்ணீர் வடிந்து நான் மில் வாசலுக்கு வந்தபோது, மேனேஜர் குடையை நீட்டி போர்டைக் காட்டினார்.

"எட்டாவது விதியப் படிச்சிப் பாரு. உனக்கு இங்க வேல இல்ல."

எட்டாவது விதியின் தொடக்கத்தில் 'விடுப்பு எல்லை' என்று இருந்தது. முடிவில் 'நீக்கத்திற்கு உரியனாதல் ஒருதலை' என்று இருந்தது. நடுவில் இருந்ததெல்லாம் நாங்கள் பூசிய சந்தனம். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு வேறு எங்கே போய் வேலை தேடுவது?

"நடுவுல என்னமோ எழுதியிருக்குதுங்க சார்," என்றேன்.

கூட வேலை செய்த என் மச்சான் முறைக்காரர் ஓடிப்போய் ஒரு எண்ணெய்த் துணியைக் கொண்டுவந்து துடைத்தார். எல்லாரும் கழுத்தை நீட்டினோம்.

'விடுப்பு எல்லை கடந்தும் பணிக்களம் புகாத் தொழிலாளன், தன் வாராமைக்குற்ற ஏதுவினைத் தக்கார் உசாவ அவர்பாற் கிளந்து, அஃது ஏலாதாயின் நீக்கத்திற்கு உரியனாதல் ஒருதலை.'

இதற்குச் சந்தனமே தேவலாம் போல இருந்தது.

"சார், நீங்களே அர்த்தம் சொல்லிடுங்க. இவன் பேசாம வூட்டுக்குப் போயிடுவான்," என்றார் மச்சான்.

மேனேஜர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒருமுறை படித்தார். இருமினார். மறுபடி படித்தார், மூச்சு வாங்கியது. அத்தனை பேர் முன்னால் தெரியாது என்று சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. முதலாளி மாட்டிய போர்டுக்கு விரோதமாக நடந்ததாகப் பேர் வந்துவிடுமோ என்ற பயம் வேறு.

"எழுதினவரையே கேட்டுடுவோம். கெளம்புய்யா," என்றார்.

வேலையை விட்டு நீக்கியவரும் நீக்கப்பட்டவனும் ஒரே பஸ்ஸில், ஒரே சீட்டில் சிதம்பரம் போனோம்.

புலவருக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். தாம் எழுதியதற்குப் பொருள் கேட்டு இரண்டு பேர் கடலூரிலிருந்து வந்திருக்கிறார்களே. எங்களை உட்கார வைத்து, 'ஒருதலை' என்ற சொல்லின் அழகில் ஆரம்பித்தார். பிறகு பதவுரை சொன்னார். பொழிப்புரைக்குப் போவதற்கு முன் தண்ணீர் குடித்தார். மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஐயா, எனக்கு வேல இருக்குதா இல்லியா? அத மட்டும் சொல்லிடுங்க. வூட்டுல பச்சப் புள்ள இருக்குது."

புலவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "இதுல என்னப்பா சந்தேகம்? ஏன் வரலேன்னு உன்னைக் கூப்பிட்டுக் கேக்கணும். நீ சொல்ற காரணம் சரியில்லேன்னாத்தான் நிறுத்தணும்."

"இத இப்பிடியே எழுதியிருக்கலாமே," என்றார் மேனேஜர்.

"இப்படி எழுதினா யாருங்க மதிப்பாங்க?"

அந்தப் போர்டுக்குச் சூடம் காட்டியவனே நான்தானே.

திரும்பும்போது பஸ் வெள்ளாற்றுப் பாலத்தைத் தாண்டியதும் மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஏன்யா வரல?" என்று கேட்டார். இந்த ஒரு கேள்விக்காகச் சிதம்பரம் வரை போய்வர வேண்டியிருந்தது. வெள்ளம், கட்டில், பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"புள்ள சௌக்கியமா? சரி, காலையில ஷிப்டுக்கு வந்துடு," என்றார்.

அடுத்த வாரமே, விதி எதையும் மாற்றாமல், போர்டைப் பேச்சுத் தமிழுக்குப் பக்கமாக மாற்றி எழுதச் செய்தார். அதில்தான் அவருக்குச் சிக்கல். சாப்பாட்டு நேரத்தில் எங்களை வேலைக்குக் கூப்பிடக் கூடாது என்பதும் ஒரு விதி. அது பழைய போர்டிலும் இருந்ததுதான். இப்போது அவர் கூப்பிட்டால் எல்லாரும் சோற்றுக் கையாலேயே போர்டைக் காட்டினோம்.

மறுவருஷம் ஆயுத பூஜைக்கும் சந்தனக் கிண்ணம் என் கையில்தான் இருந்தது. போர்டின் மரச்சட்டத்தில் நான்கு மூலையிலும் பொட்டு வைத்தேன், எழுத்துமேல் ஒரு துளியும் படவில்லை. இன்றைக்கும் ஏதாவது ஆபீஸ் சுவரில் புரியாத அறிவிப்பைப் பார்த்தால் நான் கும்பிட்டுவிட்டு நகர்வதில்லை. அங்கே இருப்பவரைக் கூப்பிட்டு, "இதுல எனக்கு என்ன சொல்லியிருக்குது?" என்று கேட்ட பிறகுதான் நகர்கிறேன்.