டத்தோ வருகிறார், லாலாங்குக்குத் தண்ணீர் ஊற்று!

திரவ நைட்ரஜனில் முக்கியெடுத்த லாலாங் புல்லை உரலில் போட்டு இடித்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம் வரும். வெள்ளைப் புகை முழங்கை வரை ஏறும். வெளியே பினாங்கு வெயில் மண்டையைப் பிளக்கும்... உள்ளே என் விரல் நுனியெல்லாம் மரத்துப்போயிருக்கும்.

படித்து முடித்ததும் சேர்ந்த முதல் வேலை அது. ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் கான்ட்ராக்ட் உதவியாளர். வயல் காய்ந்தால் நெல் செத்துப்போகிறது. அதே வெயிலில் ரோட்டோர லாலாங் மட்டும் எப்படித் தாக்குப்பிடிக்கிறது? தண்ணீரை நிறுத்தினால் அதன் எந்த மரபணு விழித்துக்கொள்கிறது, எவ்வளவு வேலை செய்கிறது என்று அளக்க வேண்டும். பாதித் தொட்டிகளுக்குத் தினமும் தண்ணீர். மீதிக்கு ஒரு சொட்டு கிடையாது. வாடியதும் இலையை வெட்டி, உறையவைத்து, இடித்து, இரண்டையும் ஒப்பிட வேண்டும்.

"புல்லு காயுறத பாக்குறதுக்கா டிகிரி படிச்ச?" என்று அக்கா கிண்டலடிப்பாள். அடிக்கட்டும். எனக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது.

மூன்று வாரம் காயவிட்டேன். இலைகள் சுருண்டு ஊசி மாதிரி ஆகிவிட்டன. மறுநாள் வெட்ட வேண்டும். கான்ட்ராக்ட் முடிய ஒரு மாதம்தான் இருந்தது. திரும்ப முதலிலிருந்து வளர்க்க நேரமே இல்லை.

காலையில் போய்ப் பார்த்தால்... எல்லாத் தொட்டியும் ஈரம்! சுருண்டிருந்த இலையெல்லாம் விரிந்து பச்சைப்பசேலென்று நிற்கிறது.

செடிகளைப் பார்த்துக்கொள்ளும் மணியம் அண்ணன் தண்ணீர்க் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே பண்ணி வெச்சிருக்கீங்க!"

"என்னைத் திட்டாத தங்கச்சி. நம்ம லேப் ஹெட்டுதான் நேத்து சாயங்காலம் ஊத்தச் சொன்னாரு. இன்னிக்கு டத்தோ வர்றாராம் லா. செத்த புல்லக் காட்டுனா நல்லாவா இருக்கும்னாரு."

வந்த ஆத்திரத்தில் ஹெட்டின் கதவைத் தட்டக்கூட இல்லை. நேரே உள்ளே போய்விட்டேன்.

"சார், அது காஞ்சிருக்கணும் சார்! அதுதானே எக்ஸ்பெரிமெண்டே!"

"என்னம்மா இது, லாலாங்தானே? ரோட்டோரம் எவ்ளோ வேணும்னாலும் கெடைக்கும். இன்னிக்கே வெட்டிரு. வறட்சின்னே எழுதிக்கலாம். யாருக்குத் தெரியப் போகுது?"

படித்த மனுஷன் பேசுகிற பேச்சா இது?

அரசு தந்த 'டத்தோ' பட்டமும் கோட்டும் பரிவாரமுமாக வந்தார் அந்தப் பெரிய மனுஷர். 'வறட்சி' என்று நான் எழுதி ஒட்டியிருந்த தொட்டிகளின் முன்னால் நின்றார். தண்ணீரே இல்லாமல் இவ்வளவு பச்சையா என்று மலாயில் வியந்து, "ஹெபாட்! ஹெபாட்!" என்று ஹெட்டின் தோளைத் தட்டினார். எல்லாரும் கைதட்டினார்கள். போட்டோ எடுத்தார்கள். ஹெட் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். நான் பின்னால் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அந்த இலைகளையும் வெட்டி அளந்து பார்த்தேன். இரண்டு பக்கத் தொட்டிக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. எப்படி இருக்கும்? வறட்சி என்று எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கான்ட்ராக்டை நீட்டவில்லை. கழிவறையில் போய் அழுதேன். அப்புறம் பாயான் லெப்பாஸ் ஃபேக்டரி ஒன்றுக்கு மனுப் போட்டேன்.

இன்றைக்கும் அங்கேதான். நல்ல சம்பளம், நல்ல ஆட்கள். குறை ஒன்றும் இல்லை.

போன வாரம் தோழி ஒருத்தி லிங்க் அனுப்பினாள். ஆன்லைனில் அந்த ஹெட் மனுஷனின் உரை... வறட்சி தாங்கும் புற்களைப் பற்றி! திரையில் டத்தோவோடு எடுத்த அதே போட்டோ. கேள்விப் பெட்டியில் எழுதினேன்: "சார், இந்தப் படம் எடுக்குறதுக்கு முந்தின சாயங்காலம் தண்ணி ஊத்தச் சொன்னது யாரு?"

நேரமாகிவிட்டது என்று கூட்டத்தையே முடித்துவிட்டார்கள்.

அன்று கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். இன்று உங்கள் எல்லார் முன்னாலும் எழுதுகிறேன். அவர் பொய்யைக்கூட விடுங்கள்... தண்ணீரில்லாமல் லாலாங் எப்படிப் பிழைக்கிறது? எனக்கு இன்னும் தெரியாது. அந்த டத்தோ ஒரு நாள் தள்ளி வந்திருந்தால் தெரிந்திருக்கும்.