கட்டை டீச்சர் சொல்லிக்கொடுத்த பொறுமை

குள்ளமாக இருப்பதால் கட்டை டீச்சர் என்கிறார்களா, பிள்ளைகள் அடுக்கி விளையாடும் மரக்கட்டைகளோடேயே கிடப்பதாலா என்று கேட்டால் அவளே சிரிப்பாள். "ரெண்டும்தான்!" துணிக்கடையில் நாள் முழுக்க நின்று கால் வீங்கிப்போய் பாலர் பள்ளிக்கு வந்தவள். புருஷன் எப்போதோ பிரிந்துபோயிருந்தான், பிள்ளை இல்லை. இங்கே உட்காரலாம் என்பதுதான் முதலில் பிடித்தது. பிறகு பிள்ளைகளைப் பிடித்துப்போனது.

அந்த வருஷம் நாலு வயதுச் சிறுமி ஒருத்தி வந்து சேர்ந்தாள். யார் எதைக் கட்டினாலும் ஓடிவந்து எட்டி உதைப்பாள். ஆயாக்கள் அவளுக்கு வைத்த பெயர் புல்டோசர். தான் கட்டியது சரிந்தாலோ, தரையில் புரண்டு ஊரைக் கூட்டுவாள்.

டீச்சர் அதட்டவில்லை. பக்கத்தில் சம்மணம் போட்டுத் தானும் ஒரு கோபுரம் கட்டுவாள். விழுந்தால், "அச்சச்சோ! சரி, பெரிய கட்டையை அடியில வெச்சுப் பாப்போமா?" என்று தனக்குத்தானே பேசிக்கொள்வாள். சிறுமி ஓரக்கண்ணால் பார்ப்பாள். மழைக்காலம் முழுக்க இப்படியே போயிற்று. மெல்ல மெல்ல அழுகை குறைந்தது. நாக்கைத் துருத்திக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக அடுக்கப் பழகிவிட்டாள்.

ஒரு சாயங்காலம் கோபுரம் அவள் மூக்குவரை எழும்பி நின்றது. அப்பா ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் வந்தார்.

"வா வா, நேரமாச்சு."

"இருங்கப்பா, இன்னும் ஒண்ணே ஒண்ணு."

"சார், ஒரு நிமிஷம்..." டீச்சர் எழுவதற்குள் அவர் மகளின் கையைப் பிடித்து இழுத்தார். அவர் ஷூ பட்டு மொத்தமும் சரிந்தது.

டீச்சர் அலறலுக்குக் காத்திருந்தாள். சிறுமி அழவே இல்லை. கையிலிருந்த கட்டையைக் கீழே வைத்துவிட்டு அப்பாவோடு போனாள்.

அதற்குப் பிறகு அவள் எதையும் உதைக்கவில்லை. எதையும் கட்டவும் இல்லை. சுவரோரம் கைகட்டி உட்கார்ந்திருப்பாள். பெற்றோர் கூட்டத்தில் அப்பா வாயாரப் புகழ்ந்தார். "வீட்டுல சத்தமே இல்லைங்க. உட்காருன்னா உட்காருறா. இவ்வளவு பொறுமையை எப்படித்தான் சொல்லிக்குடுத்தீங்களோ!"

எல்லோரும் கைதட்டினார்கள்.

"அது பொறுமை இல்ல சார்..." என்று டீச்சர் தொடங்கினாள். தலைமை ஆசிரியை கண்ணைக் காட்டினார். டீச்சர் உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் சிறுமியின் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கோபுரம் கட்டி, வேண்டுமென்றே சரியவிட்டாள். சிறுமி திரும்பவில்லை. டீச்சர் ஒரு கட்டையை அவள் உள்ளங்கையில் வைத்தாள்.

"வேணாம் டீச்சர்." மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தாள். "எப்படியும் விழுந்துடும்."

டீச்சர் கட்டையை வாங்கிக்கொண்டாள். வருஷக் கடைசியில் சிறுமி பெரிய பள்ளிக்குப் போகும்வரை அதற்கொரு பதிலைத் தேடினாள். கிடைக்கவே இல்லை.