நாற்பத்திரண்டு தலையும் ஒரு விசிலும்

பிள்ளைகளை டூர் கூட்டிப் போகிற வேலை வேறொன்றுமில்லை, நாற்பத்திரண்டு தலையைப் போகும்போதும் வரும்போதும் எண்ணிக்கொண்டே இருப்பதுதான். நாற்பத்தொன்று வந்தால் பஸ்ஸைச் சுற்றித் தேடி ஓட வேண்டும். நாற்பத்துமூன்று வந்தால்? அதற்கும் ஒரு கதை இருக்கிறது, சொல்கிறேன். ஆட்டையாம்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் பி.டி. டீச்சர். கழுத்தில் ஒரு விசில், தோளில் முதலுதவிப் பை, நாலு தெருவுக்குக் கேட்கிற தொண்டை, இவ்வளவுதான் என் ஆயுதம். எங்கள் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் விசைத்தறி வீட்டுப் பிள்ளைகள். உங்களில் யாராவது இந்த வயதுப் பிள்ளைகளை வெளியூர் கூட்டிப் போய் முழுசாகத் திரும்பி வந்திருந்தால் கிட்ட வாருங்கள், உங்களுக்குத்தான் என் பாடு புரியும்.

கவினின் கை

போன வருஷம் மேட்டூர் பூங்கா. ஏழாம் வகுப்புக் கவினுக்குச் சறுக்குமரத்தில் எல்லாரையும் போலச் சறுக்கினால் ஆகாது. கீழேயிருந்து மேலே ஓடி ஏறினான். பொத்தென்று விழுந்தான். இடது முன்கை வளைந்து நின்றதைப் பார்த்ததும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. டீச்சர் அழலாமா? "கையை ஆட்டாத சாமி" என்று அவனை உட்காரவைத்து, இரண்டு மர ஸ்கேலை அண்டக்கொடுத்து, என் துப்பட்டாவைக் கிழித்துக் கட்டி, மீதித் துணியில் கையைக் கழுத்தோடு தொங்கவிட்டேன்.

அதற்குள் எங்கள் பஸ் டிரைவர் பழனிசாமி அண்ணன் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு வந்து நின்றார். நாமக்கல்லில் பல வருஷம் லாரி ஓட்டினவர். ஒரு இழு இழுத்து, விளக்கெண்ணெய் போட்டு உருவிவிட்டால் சரியாகிவிடும் என்றார். கவின் வலியை மறந்து என் முதுகுக்குப் பின்னால் பதுங்கினான். கிட்ட வந்தால் விசிலை ஊதிக் கூட்டத்தைக் கூட்டிவிடுவேன் என்று நான் கத்த, அண்ணனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"ஏனுங்க டீச்சர், வளைஞ்ச ஆக்சிலையே நேராக்குன கைங்க இது!"

ஒரு கீறல் சட்டம்

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டுக் கூட்டி வந்தோம். கவின் ராஜா மாதிரி உட்கார்ந்து கட்டின் மேல் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தான். என்னைத்தான் தலைமை ஆசிரியர் கூப்பிட்டார். அவர் திட்டமாட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், அது திட்டுவதைவிடப் பொல்லாதது. டூரையே நிறுத்திவிடலாம் என்றார்.

எனக்குப் பொங்கிவிட்டது. லீவு நாளிலும் தறிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றுகிற பிள்ளைகள் சார், வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் காதுக்குள் தறிச் சத்தம் இல்லாமல் இருக்கிறார்கள், அதையும் பிடுங்கிவிடாதீர்கள் என்று கெஞ்சினேன். ரொம்ப நேரம் கண்ணாடியைத் துடைத்தார்.

"கடைசியா ஒரு வாட்டி அனுப்புறேன். ஒரு புள்ளை மேல ஒரு கீறல் உழுந்துச்சுன்னாலும், இந்தப் பள்ளிக்கூடத்துல டூர்ங்கிற பேச்சே இருக்கக் கூடாதுங்க."

கையெழுத்து வாங்கப் போனேன்

இந்த வருஷம் கொல்லிமலை. எல்லா வீட்டுச் சம்மதக் கடிதமும் வந்துவிட்டது, யாழினி வீட்டுக் கடிதம் மட்டும் வரவில்லை. வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை. அப்பா போர்வெல் ரிக் வண்டியோடு வடக்கே போயிருக்கிறார், அம்மா தனியாகத் தறி ஓட்டுகிறார். நேரிலேயே போனேன். தறிக்கூடத்தில் நான் கத்தின கத்து எனக்கே கேட்கவில்லை. யாழினி அம்மாவைப் பார்த்து ஒரு கையை உயர்த்தி, ஐந்து விரலையும் விரித்துப் பட்டென்று மூடினாள். அந்த அம்மா உடனே தறியை நிறுத்தினார். தறி வீடுகளில் கையால்தான் பேச்சு. நானும் பார்த்தேன், பெரிதாக ஒன்றும் நினைக்கவில்லை.

பஞ்சு ஒட்டிய கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். கடிதத்தைக் கொடுக்காமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார்.

"ஒத்தைப் புள்ளைங்க. கூட்டிட்டுப் போறாப்பலயே கொண்டாந்து உட்டுருங்க சாமி."

நாற்பத்துமூன்று

மலையடிவாரத்தில் டிபனுக்கு நிறுத்தினோம். வரிசையாக ஏழெட்டுப் பள்ளிக்கூட பஸ். ஏற்றிவிட்டு எண்ணினேன், நாற்பத்துமூன்று. மறுபடி எண்ணினேன், நாற்பத்துமூன்று. சந்தோஷப்பட முடியுமா? கூடுதலாக ஒன்று இருக்கிறது என்றால் எங்கேயோ ஒன்று குறைகிறது என்றுதானே அர்த்தம்! ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனேன். எங்கள் யூனிபாரம் மாதிரியே நீலச் சட்டை போட்ட ஒரு குட்டிப் பெண், ஜன்னலோரம் எங்கள் ஊர்க் கைமுறுக்கைக் கடித்துக்கொண்டு ஜம்மென்று உட்கார்ந்திருந்தாள்.

அவளைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினேன். நாலாவது பஸ்ஸுக்கு அடியில் ஒரு சார் குனிந்து சக்கரத்துக்குப் பின்னால் தேடிக்கொண்டிருந்தார். பிள்ளையைப் பார்த்ததும் மனுஷன் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். ஏன் கண்ணு இப்படிச் செய்தாய் என்று கேட்டேன்.

"எங்க பஸ்ஸுல பாட்டே போட மாட்டேங்கிறாங்க டீச்சர், உங்க பஸ்ஸுல டான்ஸே ஆடுறாங்க!"

அருவிக்குக் கீழே

எழுபது கொண்டை ஊசி வளைவு. யாழினி உட்படப் பதினோரு பேர் வாந்தி. அதெல்லாம் ஒரு கணக்கா? ஆகாயகங்கைக்குப் படி இறங்குவதற்கு முன் ஒவ்வொருவருக்கும் ஜோடி பிரித்தேன். ஜோடியை விடக்கூடாது, அருவியில் கட்டியிருக்கிற கயிற்றைத் தாண்டக்கூடாது, விசில் சத்தம் கேட்டால் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். தொண்டை கிழியச் சொன்னேன். கீழே போய் நின்றதும் என் தொண்டை எடுபடவில்லை. அட சாமி, அருவி போட்ட இரைச்சல்! பக்கத்தில் நிற்கிற பழனிசாமி அண்ணன் பேசுவதே கேட்கவில்லை.

கவினுடைய செருப்பு ஒன்று தண்ணீரில் போனது. கயிற்றுக்கு அடியில் குனிந்து அதன் பின்னாலேயே போய்விட்டான். அவனுக்குப் பின்னால் வேடிக்கை பார்க்க ஐந்து பேர். பாசி பிடித்த பாறை, அந்தப் பக்கம் ஆழம். விசிலை ஊதினேன். ஊதினேன், ஊதினேன், எனக்கே கேட்கவில்லை! தண்ணீருக்குள் இறங்கி ஓடுகிறேன், கால் வழுக்குகிறது. ஆறு பேர் வீட்டு வாசலில் போய் என்ன சொல்வேன்?

அப்போது மேல் படியில் யாழினி, வாந்தி எடுத்த களைப்பில் அங்கேயே உட்கார்ந்திருந்தவள். குளிக்கக் கொண்டுவந்த சிவப்புத் துண்டை எடுத்து விசிறினாள். இரைச்சலில் வளர்ந்த பிள்ளைகள் காதை நம்பமாட்டார்கள், நாலு பக்கமும் பார்த்துக்கொண்டேதான் இருப்பார்கள். ஒருவன் திரும்பிப் பார்த்து முன்னால் இருந்தவனைத் தட்டினான், அவன் அடுத்தவனை. யாழினி கையை உயர்த்தி, ஐந்து விரலையும் விரித்துப் பட்டென்று மூடினாள். ஆறு பேரும் கரண்டு போன தறி மாதிரி நின்றுவிட்டார்கள்! அப்புறம் உள்ளங்கையைக் கீழே அழுத்திக் காட்டினாள். ஆறு பேரும் அப்படியே பாறையில் உட்கார்ந்தார்கள். அண்ணனும் நானும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தவழ்ந்து போய் ஒவ்வொருவராக இழுத்து வந்தோம். கடைசியில் கவின். உட்காரும்போது முட்டி பாறையில் தேய்ந்து ரத்தம்.

யாழினியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு எல்லார் முன்னாலும் அழுதேன். டீச்சர் அழலாமா என்றால், அழலாம். முட்டியை நல்ல தண்ணீரில் கழுவி மருந்து போட்டபோதுதான் தலைமை ஆசிரியர் சொன்ன அந்த ஒரு கீறல் நினைவுக்கு வந்தது. கவினுக்கும் வந்திருக்கிறது. காதோரம் வந்து சொன்னான்.

"ஊட்ல உழுந்தேன்னு சொல்லிக்கலாமுங்க டீச்சர், நாங்க ஒருத்தரும் காட்டிக் குடுக்க மாட்டோம்."

கொண்டுவந்து விட்டேன்

பள்ளிக்கூட வாசலில் யாழினியின் அம்மா நின்றிருந்தார். தறியை நிறுத்திவிட்டு வந்திருக்கிறார். மகளைத் தலையிலிருந்து கால் வரை தடவிப் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன். இந்தக் கை ஆறு உயிரைப் பிடித்து நிறுத்திய கை என்று யாழினியின் கையைத் தூக்கிக் காட்டினேன். அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு மகளின் தலையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"ஊட்ல நான் கை காட்டுனா மட்டும், பாக்காத மாதிரியே போயிருவாளுங்க இவ!"

முட்டிச் சிராய்ப்பு ஒன்று

மறுநாள், கவின் அருவியில் சொன்னது காதில் ரீங்காரம் போட்டுக்கொண்டே இருந்தது. டூர் அறிக்கையில் சிராய்ப்பை எழுதாவிட்டால் டூர் பிழைக்கும். எழுதாமல் அடுத்த வருஷம் எந்தத் தாயிடம் போய்க் கையெழுத்துக் கேட்பேன்? கயிற்றைத் தாண்டினது, விசில் கேட்காதது, யாழினி கை காட்டினது, முட்டிச் சிராய்ப்பு ஒன்று, எல்லாம் எழுதிக் கொடுத்தேன். தலைமை ஆசிரியர் இரண்டு தரம் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். போச்சுடா என்று நினைத்தேன். துடைக்காமலேயே மறுபடி மாட்டிக்கொண்டார்.

"கவின் காலையிலயே வந்து, நான் கேக்காமலே ஊட்ல உழுந்தேன்னு சொல்லிட்டுப் போனானுங்க. நீங்களும் அதையே சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேன். அடுத்த வருசமும் போங்க, அந்தப் புள்ளைய எல்லாருக்கும் கை காட்டக் கத்துக் குடுக்கச் சொல்லுங்க."

வருஷமெல்லாம் தொண்டை கிழியக் கத்திப் பழக்கிய என்னைக் காப்பாற்றியது வாயே திறக்காத ஒரு பிள்ளையின் ஐந்து விரல்தான் என்று ஆனபிறகு, அப்புறம் உனக்கெதற்கு இந்த விசில் என்று மட்டும் தயவுசெய்து யாரும் கேட்டுவிடாதீர்கள்.