லீவு கேட்ட பேய்

எங்கள் அப்பாவுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்பதை முதலில் கண்டுபிடித்தது அம்மாதான். கூடவே நானும் இருந்தேன். அந்தப் பேயின் நடத்தையில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. சில்வர் ஓக் மரத்தின் உச்சியிலிருந்து அது மிகுந்த மரியாதையோடு லீவு கேட்டுக்கொண்டிருந்தது.

நாங்கள் அப்போது தலைச்சோலைப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில், வேலையாட்களுக்கு வரிசையாகக் கட்டிக்கொடுத்த லைன் வீட்டில் குடியிருந்தோம். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அந்த எஸ்டேட்டில்தான் வேலை. அப்பாவுக்குத் திக்குவாய். சாதாரணத் திக்கு இல்லை. ஒரு சொல்லைத் தொடங்கினால் அது தொண்டையிலேயே நின்றுவிடும். கழுத்து நரம்பு புடைக்கும், கண் மூடிக்கொள்ளும். எதிரில் நிற்பவர் பாவம் பார்த்து அந்தச் சொல்லைத் தானே சொல்லி முடித்துவிடுவார். பெரும்பாலும் வேறு ஏதோ ஒரு சொல்லாக இருக்கும். அப்பா அதற்கும் தலையாட்டிவிடுவார். இப்படித் தலையாட்டியே, பருப்பு வாங்கப் போனவர் பனைவெல்லத்தோடு திரும்பி வந்ததெல்லாம் உண்டு.

காலையில் வருகைக் கணக்கு எழுதும் ரைட்டர் பேர் கூப்பிடும்போது ஆளாளுக்கு "வந்தேனுங்க" என்று சொல்ல வேண்டும். அப்பா முதல் எழுத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போதே ரைட்டர் அடுத்த பேருக்குப் போயிருப்பார். பின்வரிசையில் ஒரு சிரிப்பு எழும். அதனால் அப்பாவுக்கும் சேர்த்து அம்மாவே பதில் சொல்லிவிடுவாள். பஸ்ஸில் டிக்கெட் கேட்பது, என் பள்ளிக்கூடத்துக்கு வந்து டீச்சரிடம் பேசுவது எல்லாம் அவள்தான். அப்பாவுக்கு வயிற்றுவலி என்றால்கூட டாக்டரிடம் தன் வயிற்றைத் தொட்டுக் காட்டித்தான் விளக்குவாள். அதில் அவளுக்கு அலுப்பும் உண்டு, கொஞ்சம் பெருமையும் உண்டு.

அது மிளகு பறிக்கும் காலம். காப்பிச் செடிகளுக்கு நிழல் கொடுக்கிற சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி உயரமாக ஏறியிருக்கும். கணுவில் கிளைத்த குச்சிகளைப் படிகளாக விட்டுவைத்த ஒற்றை மூங்கில்தான் ஏணி. அதை மரத்தில் சாய்த்துக் கட்டி, இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு ஆண்கள் ஏறுவார்கள். மரத்துக்கு ஓர் ஆள். கீழே பெண்கள் காப்பிப் பழம் எடுப்பார்கள். அப்பா எப்போதும் எல்லோரையும் விட்டுத் தள்ளி, ஓடையோரத்து மரங்களையே கேட்டு வாங்கிக்கொள்வார். அங்கே அட்டை அதிகம் என்பதால் யாரும் போட்டிக்கு வருவதில்லை.

பள்ளிக்கூடம் இல்லாத ஒருநாள் நான் அம்மாவோடு தோட்டத்துக்குப் போயிருந்தேன். சோற்று நேரத்துக்கும் அப்பா வரவில்லை. சோற்றுத் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு நானும் அம்மாவும் ஓடைப் பக்கம் இறங்கினோம். நல்ல பனி. மரத்தின் அடிப்பாகம் மட்டும்தான் தெரிந்தது. மேலேயிருந்து ஒரு குரல் கேட்டது.

"ஏனுங்க ரைட்டருங்க, வணக்கமுங்க. நாளைக்கு எனக்கு ஒரு நாள் லீவு வேணுமுங்க. புள்ளையோட இஸ்கூல் வரைக்கும் போயிட்டு வரோணுமுங்க."

அம்மா அப்படியே நின்றுவிட்டாள். ஏணியின் அடியில் அப்பாவின் செருப்பு கிடந்தது. மேலே வேறு யாரும் இருக்க முடியாது. ஆனால் குரல் தண்ணீர்போல ஓடியது. எங்கும் தடுக்கவில்லை. மறுபடியும் அதே லீவைக் கேட்டது. பிறகு சற்று நேரம் மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் வந்தது. அப்புறம் நிதானமாகச் சொன்னது:

"என்ற ஊட்டுக்காரி வெக்கிற ரசம் நொம்ப நல்லா இருக்குமுங்க."

அம்மாவின் கையிலிருந்து தூக்குப்போசி விழுந்து சோறு மண்ணில் கொட்டியது. லீவு கேட்டதைக்கூட அவள் எப்படியோ தாங்கியிருப்பாள். கல்யாணமான நாளிலிருந்து ரசத்தைப் பற்றி அப்பா ஒரு வார்த்தை சொன்னதில்லை. அது அவர் இல்லை என்பதற்கு அவளுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேட்டில் ஓடினாள். அப்பாவின் வாயிலிருந்து அப்பா அல்லாத ஒருவர் பேசுவதை நான் என் காதால் கேட்டுவிட்டேன். அதைவிடப் பெரிய பயம் அதற்குப் பிறகு எனக்கு வந்ததில்லை.

அம்மாவின் அண்ணன், எங்கள் பெரிய மாமா, அடுத்த லைனில் இருந்தார். எதையும் முழுவதும் கேட்காமலே முடிவு சொல்லக்கூடியவர். அவர் ஒரு நிமிஷத்தில் பேயை அடையாளம் கண்டுவிட்டார். முன்னொரு காலத்தில் அந்த ஓடையோரத்து மரம் ஒன்றிலிருந்து விழுந்து இறந்த மேஸ்திரி ஒருவர் உண்டு. இருந்த காலத்தில் ஓயாமல் பேசியே ஊரை விரட்டியவர். "செத்தும் அந்தாளுக்கு வாய் ஓயல பாரு" என்றார் மாமா. "பேசறதுக்கு ஒரு வாய் வேணுமில்ல. நம்ம மாப்ள வாய் சும்மாத்தான கெடந்துது, புகுந்துட்டான்."

எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. அன்று பொழுது சாய அப்பா வீட்டுக்கு வந்து, சோறு ஏன் வரவில்லை என்று வழக்கம்போலத் திக்கித் திக்கிக் கேட்டார். பேய் மரத்திலேயே நின்றுகொண்டது என்று அதற்கும் மாமாவிடம் விளக்கம் இருந்தது. அம்மா ஓர் ஆள் தூரம் தள்ளி நின்று, கையை நீட்டி அவர் தட்டில் ரசம் ஊற்றினாள். அவர் ஒன்றும் சொல்லாமல் குடித்தார். அம்மாவுக்கு உயிர் வந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுதில், நேர்த்திக்கடன் என்று சொல்லி அப்பாவை ஓடைக்கு அந்தப்புறம் இருந்த முனியப்பன் மேடைக்குக் கூட்டிப்போனார்கள். அப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு சந்தோஷமாக வந்தார். அங்கே போன பிறகுதான், உடுக்கையோடு பேயோட்டும் கோடாங்கி காத்திருந்ததையும் லைன் ஆட்கள் பாதிப்பேர் வேடிக்கை பார்க்க வந்திருந்ததையும் பார்த்தார். மாமாவும் இன்னொருவரும் அவர் தோளை அழுத்தி உட்காரவைத்தார்கள். தலையில் மஞ்சள் தண்ணீரை ஊற்றினார்கள். உடுக்கை வேகமாக அடித்தது. கோடாங்கி வேப்பங்குலையை ஓங்கிக்கொண்டு கேட்டார்.

"ஆரு நீ? எதுக்கு இந்த ஒடம்புல வந்து குந்தியிருக்கே?"

அப்பா சுற்றிலும் பார்த்தார். அவருக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. முகத்தில் முதலில் ஒரு திகைப்பு, பிறகு வெட்கம். வழக்கமாக அந்த நேரத்தில் அவர் கழுத்து நரம்பு புடைத்திருக்க வேண்டும். புடைக்கவில்லை. கண்ணை மூடவும் இல்லை. மூச்சை மெதுவாக இழுத்தார்.

"நான்தானுங்க" என்றார். "இந்தப் புள்ளையோட அப்பனுங்க. எனக்குப் பேயெல்லாம் ஒண்ணும் புடிக்கலீங்க. நல்லாப் பேசோணும்னு பழகிட்டு இருந்தனுங்க. அவ்வளவுதானுங்க."

அதே குரல். மரத்திலிருந்து வந்த குரல் இப்போது அப்பாவின் முகத்தை மாட்டிக்கொண்டு எல்லோர் முன்னாலும் பேசியது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். "பாத்தீங்களா, எப்புடிப் பேசுதுன்னு" என்றார் கோடாங்கி. அதற்கு மேல் நிரூபிக்க எதுவும் இல்லாததுபோல வேப்பங்குலையால் அப்பாவின் தோளிலும் முதுகிலும் அடிக்கத் தொடங்கினார்.

மாமா குனிந்து பேயைக் குறுக்கு விசாரணை செய்தார். "சரி, பேசிப் பழகி என்ன பண்ணப் போறே? மேஸ்திரி ஆக்கப் போறாங்களா? கூலி சேத்திக் குடுக்கப் போறாங்களா?"

"கூலிக்கு இல்லீங்க மச்சான்." அடிக்கு நடுவிலும் அப்பாவின் குரல் தடுமாறவில்லை. "பேர் கூப்புட்டா நானே பதில் சொல்லோணுமுங்க. புள்ளையோட டீச்சர்கிட்ட நானே பேசோணுமுங்க. வேற ஒண்ணும் வேண்டாமுங்க. அது இருந்தா எனக்குப் போதுமுங்க."

யாருக்கும் அது நம்பும்படியாக இல்லை. காசுக்கும் ஆகாத, வேலைக்கும் ஆகாத ஒன்றுக்காக ஒரு மனிதன் மரத்தின் உச்சியில் உட்கார்ந்து மெனக்கெடுவான் என்று எங்கள் லைனில் யார் நம்புவார்கள்? பேய் நன்றாகப் பொய் சொல்கிறது என்று பேசிக்கொண்டார்கள். வேப்பங்குலை போய்ப் புளியவிளாறு வந்தது. முதல் அடியில் அப்பாவின் முதுகில் சிவப்பாக ஒரு கோடு எழுந்தது. என்னால் பொறுக்க முடியவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி அவர் முன்னால் நின்று, அவருக்குள் இருந்த அந்த ஆளிடம் கதறினேன்.

"எங்கப்பாவ உட்டுட்டுப் போயிரு. எனக்கு எங்கப்பா வேணும். நீ வேண்டாம், போயிரு."

அப்பா என்னைப் பார்த்தார். கண் இமைக்காமல் பார்த்தார். தலையிலிருந்து மஞ்சள் தண்ணீர் வழிந்து தாடையில் சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு அம்மாவைப் பார்த்தார். அவள் நடுங்கிக்கொண்டிருந்தாள். அவர் மெல்லக் கண்ணை மூடினார். கழுத்து நரம்பு புடைத்தது.

"க... க... க... கண்ணு" என்றார். "அ... அ... அழாத."

"மலையேறிருச்சு" என்று கோடாங்கி விளாற்றைக் கீழே போட்டார். கூட்டம் மொத்தமாக மூச்சு விட்டது. அம்மா அழுதுகொண்டே ஓடிவந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டாள். மாமா எலுமிச்சம்பழத்தை அறுத்து நான்கு பக்கமும் எறிந்தார். எல்லோருக்கும் பொரிகடலை கொடுத்தார்கள். நானும் இரண்டு கையிலும் வாங்கித் தின்றேன்.

உண்மை எனக்குத் தெரியவந்தபோது நான் சேலத்தில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். அப்பாவே சிரித்துக்கொண்டே சொன்னார். எஸ்டேட்டுக்கு வந்த மருத்துவ முகாமில் ஒரு டாக்டரம்மா, மூச்சை இழுத்துவிட்டு நிதானமாகப் பேசிப் பழகச் சொல்லியிருக்கிறார். "மரத்து மேல தனியாப் பேசுனா எப்பவுமே திக்காது. ஆளப் பாத்தாத்தான் திக்கும். அதனால ஒரு கெளையில ரைட்டர உக்கார வெப்பேன், இன்னொண்ணுல உன்ற டீச்சர. அவிய மூஞ்சியப் பாத்துப் பேசுவேன்." மிளகுப் பருவம் முழுவதும் அப்படிப் பேசியிருக்கிறார். மரத்தில் இல்லாமல், உயிருள்ள மனிதர்களின் முகத்தைப் பார்த்து, வாழ்க்கையில் முதன்முதலாக அவர் திக்காமல் பேசியது அந்த முனியப்பன் மேடையில்தான். அவரோடு சேர்ந்து என்னால் சிரிக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு அவர் அவசரப்படவில்லை. யாரும் பயந்துவிடாதபடி, வருஷத்துக்குக் கொஞ்சமாகத் திக்கைக் குறைத்துக்கொண்டே வந்தார். இப்போது சரளமாகப் பேசுகிறார். முனியப்பன் அருள் என்று அம்மா ஆண்டுதோறும் பொங்கல் வைக்கிறாள். அப்பா மறுத்துப் பேசுவதில்லை. இன்றும் அதே லைன் வீடு, அதே மூங்கில் ஏணி. காலையில் பேர் கூப்பிட்டால் "வந்தேனுங்க" என்று அவர் சொல்வது ஓடைவரை கேட்கிறது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் இறங்குவதற்குள் உறவுக்காரர் ஆகிவிடுகிறார். ரசத்தைப் புகழாத நாளில்லை, அம்மாவுக்கு அலுத்துப்போய்விட்டது. வசதி என்று சொல்ல எங்கள் வீட்டில் ஒன்றும் கூடவில்லை. ஆனாலும் அப்பா வாழ்கிற வாழ்க்கையைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

அன்று முனியப்பன் மேடையிலிருந்து திரும்பி வரும்போது அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டார். அவர் முதுகு எரிந்திருக்கும். எனக்கு அது தோன்றவில்லை. பேய் நிஜமாகவே போய்விட்டதா என்று கேட்டேன். "போ... போ... போயிருச்சு" என்றார். இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். சொன்னார். ஒவ்வொரு திக்குக்கும் எனக்கு ஆனந்தம் பொங்கியது. வீடு வரும்வரை அவரை விடாமல் பேசவைத்துக்கொண்டே வந்தேன்.

எந்தச் சொல்லில் திக்கினாலும், என்னைக் "கண்ணு" என்று கூப்பிடும்போது மட்டும் அப்பா அதுவரை ஒருநாளும் திக்கியதில்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், மேடையில் அவர் அந்தச் சொல்லில் திக்கியதைக் கேட்டுத்தான், எங்கப்பா வந்துவிட்டார் என்று பாய்ந்து அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டேன்.